கம்பெனி சாமான்

நெய்யிலிருந்து சாமியார் வரைக்கும் எதைப் பார்த்தாலும் நாம் முதலில் கேட்கிற கேள்வி, "அசல்தானா?" என்பது. சென்னைப் பட்டறைகளில் இதற்கு வேறு சொற்கள் உண்டு. அசலானது ‘கம்பெனி சாமான்’. மற்றதெல்லாம் ‘லோக்கல் சாமான்’. முன்னதைச் சொல்லும்போது குரலில் ஒரு மரியாதை வரும். பின்னதைச் சொல்லும்போது உதடு சற்றுக் கோணும். இந்த மரியாதைக்கும் இந்தக் கோணலுக்கும் என்ன நியாயம் இருக்கிறது என்று யோசிக்க வைத்தது, மயிலாப்பூரில் என் நண்பர் ஒருவர் வைத்திருக்கும் பழைய மாரிஸ் மைனர் வண்டி.

‘மைனர்’ என்றதும் சில்க் ஜிப்பாவும் புலிநகச் சங்கிலியும் நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பாளியல்ல. இது பரம சாது. பிற்பாடு மினி காரை உருவாக்கிய அலெக் இஸிகோனிஸ் என்ற நிபுணர் திட்டமிட்டு, 1948-ல் லண்டன் கண்காட்சியில் வெளிவந்த வண்டி. 1971 வரை சுமார் 16 லட்சம் மைனர்கள் பிறந்திருக்கின்றன. ஐம்பதுகளில் நண்பரின் தகப்பனார் வாங்கியது அவற்றில் ஒன்று. தகப்பனார் போய்விட்டார், வண்டி இருக்கிறது. அதைத் துடைக்கிறபோது நண்பர் முகத்தில் தெரிகிற பாவம் சிராத்தத்தன்றுகூடத் தெரிவதில்லை.

அந்த வண்டியில் ஆக்ஸிலரேட்டர் கம்பி நைந்து போயிற்று.

காலால் மிதிக்கிற பெடலுக்கும் எஞ்சினிலுள்ள கார்புரேட்டருக்கும் இடையே ஓடுகிற எஃகு நரம்பு அது. மெல்லிய இழைகளை முறுக்கிய கம்பி உள்ளே. அது வழுக்கிப் போக ஒரு சுருள் உறை வெளியே. 1896-ல் பௌடன் என்பவர் பிரிட்டனில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. இன்றைக்கும் நம் சைக்கிள் பிரேக்கில் அதைப் பார்க்கலாம். காரில் அது ஒரு பெரிய விஷயமே அல்ல. கண்காட்சியில் யாரும் அதைக் குனிந்து பார்க்கப் போவதில்லை. ஆனால் ஓட்டுகிறவனுடைய எண்ணம் எஞ்சினுக்குப் போய்ச் சேருவது அதன் வழியாகத்தான். "போ" என்பதைவிட "போதும்" என்பது போய்ச் சேருவது முக்கியம்.

ஒருநாள் மாலை தெற்கு மாட வீதியில் "போதும்" போய்ச் சேரவில்லை. அறுந்த இழை ஒன்று உறைக்குள் சிக்கிக்கொண்டது. காலை எடுத்த பிறகும் வண்டி உறுமிக்கொண்டு முன்னே பாய்ந்தது. நண்பர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டார்; இருந்தும் ஒரு பூக்காரியின் கூடை கவிழ்ந்து மல்லிகை தெருவெல்லாம் சிதறிற்று. அந்த அம்மாள் சொன்னதை அவரே என்னிடம் சொன்னார்: "இன்னா சாமி, உன் வண்டி பழசுன்னா எங்க கால் மேலதான் ஏறணுமா?"

பூவுக்குப் பணம் கொடுத்தார். ஆனால் கம்பியை மாற்றவில்லை. உறைக்குள் நாலு சொட்டு எண்ணெய் விட்டு, இங்கிலாந்திலிருந்து கம்பெனி சாமான் வரவழைக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு, அதே வண்டியை அதே வீதியில் மேலும் இரண்டு வாரம் ஓட்டினார். "அப்பா ஓட்டின வண்டிடா. இதிலே கண்டதையும் கொண்டுவந்து மாட்டச் சொல்கிறாயா?" என்றார்.

பித்ரு பக்தி நல்ல குணம். ஆனால் அந்தப் பூக்காரிக்கும் நண்பரின் தகப்பனாருக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்? இவருடைய பக்திக்கு அவள் ஏன் பிணை நிற்க வேண்டும்?

ஒரு பொருளில் பாகங்களை மாற்றிக்கொண்டே போனால் அது அதே பொருள்தானா என்பது மிகப் பழைய கேள்வி. தீசியஸ் என்ற வீரனின் கப்பலை ஆதென்ஸ் நகரத்தார் போற்றி வைத்திருந்தார்களாம். மட்கிய பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைத்துக்கொண்டே வந்ததால், அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் சண்டை போட்டதாகப் புளூடார்க் எழுதியிருக்கிறார். அது நினைவுச் சின்னமாக நின்ற கப்பல். நிற்கிற கப்பலைப் பற்றி எத்தனை நாள் வேண்டுமானாலும் வாதாடலாம், எவர் காலிலும் அது ஏறப் போவதில்லை.

ஓடுகிற பொருளுக்கு நான் திருவாரூருக்குப் போவேன். அங்கே ஆழித்தேர் 1926-ல் தீப்பற்றி எரிந்தது. பிறகு புதுத் தேர் செய்து 1930-ல் ஓட்டினார்கள். பிற்காலத்தில் திருச்சி பி.எச்.இ.எல். ஆலையார் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தார்கள். தியாகராஜப் பெருமான் "இது லோக்கல் சாமான்" என்று ஏற மறுத்ததாகக் கேள்வி இல்லை. வடம் பிடிக்கிறவர்களும், சக்கரத்தருகே குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவர்களும் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பதும் தேரோட்டத்தின் லட்சணங்களில் ஒன்று என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அந்தப் பிரேக்கினால் ஆழித்தேர் ஆழித்தேராக இல்லாமல் போய்விடவில்லை.

நண்பருக்கு இதெல்லாம் எடுபடவில்லை. வேறொன்று எடுபட்டது. மாரிஸ் என்ற பெயரே 1984-ல் வழக்கொழிந்து போயிற்று. கம்பெனியே இல்லாதபோது கம்பெனி சாமான் ஏது? இங்கிலாந்திலிருந்து இன்று வருவதும் வேறு யாரோ பழைய மாதிரியைப் பார்த்துச் செய்ததுதான், தூரத்து லோக்கல். அந்தக் காலத்துச் சரக்கே பிரிக்காத பெட்டியில் கிடைத்தால், ஐம்பது அறுபது வருஷம் உறைக்குள் கிடந்த கம்பியை எப்படி நம்புவது?

கடைசியில் புதுப்பேட்டையிலிருந்து கம்பி வந்தது. மாட்டிய மெக்கானிக் அறுபது வயதுக்காரர். கம்பியை வெட்டுமுன் வெட்டப் போகிற இடத்தில் ஈயம் பற்றவைத்தார், இழை பிரியாதிருக்க. உறையைப் புகைக்குழாயின் சூட்டுக்கு எட்டாமல், முடக்கு விழாமல் வளைத்துக் கொண்டுபோனார். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்து ஆடுகிற பிராணி. அதனால் கம்பியை விறைப்பாகக் கட்டக் கூடாது, இம்மியளவு தளர்வு வேண்டும் என்றார். தளர்வு அதிகமானாலோ, முழுக்க மிதித்தாலும் முழு வேகம் வராது. திருகை வைத்து நெரித்துவிட்டால் வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் நெரித்த இடத்தில்தான் இழை முதலில் அறும் என்று முனைக்குக் குமிழ் பற்றவைத்தார். திரும்பி இழுக்கிற ஸ்பிரிங்கையும் சோதித்தார். நண்பரை உட்காரவைத்து, எஞ்சினை ஓட்டாமலே, "முழுசா மிதிங்க சார்... விடுங்க" என்று இருபது தடவை மிதிக்கச் சொன்னார். "மிதிச்சா இழுக்கணும், விட்டா திரும்பணும். அவ்ளோதான் சார் இதோட ஜாதகம்" என்றார்.

ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தேன். ‘லோக்கல்’ என்று நாம் உதட்டைச் சுழிப்பது பெரும்பாலும் பொருளைப் பார்த்து அல்ல, செய்தவனுடைய விலாசத்தைப் பார்த்து. மோசமான கம்பிகளும் புதுப்பேட்டையில் விற்கின்றன என்பதை மறுக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். பெட்டியில் ஒட்டிய சீட்டைப் படித்தால் போதாது.

இதற்குப் பிறகுதான் தகராறே வந்தது. நண்பரின் மகளுக்கு இந்த வண்டியில் நாட்டமில்லை. ஆகவே விற்றுவிட எண்ணம். அதற்கு முன் ஒரு கண்காட்சியில் வைத்தால் மதிப்புக் கூடும். விண்ணப்பத் தாளில் ‘மாற்றப்பட்ட பாகங்கள்’ என்று ஒரு வரி இருந்தது. ‘ஏதுமில்லை’ என்று எழுதப் போனார். "ஒரு கம்பிக்காகவா?" என்றார்.

லோக்கல் கம்பி மாட்டுவதில் பொய் ஏதும் இல்லை. மாட்டிவிட்டு மாட்டவில்லை என்பதுதான் பொய். வாங்குகிறவனுக்குக் கம்பியின் விலை பெரிதல்ல; ஆனால் என்றைக்கு மாற்றியது என்று தெரிந்தால்தான் மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ‘எல்லாம் அசல்’ என்று நம்பி, பார்க்காமலே ஓட்டுவான். மாட வீதியில் வேறொரு கூடை இருக்கும். பழைய வண்டிகளுக்கான சர்வதேச சம்மேளனம் 2012-ல் டூரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. புதுப்பிக்கும்போது மாற்றுகிற பாகங்களில் கண்ணை உறுத்தாத, அழியாத அடையாளம் இட வேண்டும் என்கிறது அது. மாற்றாதே என்று சொல்லவில்லை. மாற்றியதை மறைக்காதே என்கிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது.

விற்பதற்காகக் காகிதங்களைத் தேடியபோது தகப்பனாரின் கணக்கு நோட்டு அகப்பட்டது. பெட்ரோல், டயர், டியூப் எல்லாவற்றுக்கும் தேதி போட்டு எழுதியிருந்தார். 1957-ஐ ஒட்டி அந்நியச் செலாவணி வறண்டு இறக்குமதிக்குக் கடிவாளம் விழுந்த பிறகு, சென்னையில் சீமை வண்டிகளை உயிரோடு வைத்திருந்தவை நம் ஊர்ப் பட்டறைகளே. 1963-ல் ஒரு வரி: "ஆக்ஸிலரேட்டர் ஒயர் புதிது. புதுப்பேட்டை. நன்றாக இருக்கிறது."

நண்பர் நோட்டை வெகு நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுத்து நின்றுபோன பக்கத்தைத் தேடி எடுத்து, அதன் கீழே தேதி, மெக்கானிக்கின் பெயர், கம்பி வாங்கிய கடை எல்லாவற்றையும் எழுதினார். கண்காட்சி விண்ணப்பம் இன்னும் மேஜை அறையில்தான் இருக்கிறது. அந்த வரியை அவர் நிரப்பவில்லை.