கொடுக்கப்படாததைக் கொள்ளல்

நாம் நாள்தோறும் ஏற்கும் இரண்டாம் சீலம், கொடுக்கப்படாததைக் கொள்ளாதிருத்தல் என்பதாம். இங்கிலாந்தில் போலீஸார் நடத்திவரும் வேட்டையொன்று, இச்சொல்லின் எல்லை எதுவரை என்று ஆராயத் தூண்டுகிறது.

அங்கே 'கோடிப் பெட்டி' எனக் கடைத்தெருவில் பெயர் பெற்ற சிறு கருவி உண்டு. நமது நூறு இலட்சத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கோடி என்பது ஒரு மென்பொருளின் பெயர். பெட்டியும் மென்பொருளும் குற்றமற்றவை. கட்டணம் செலுத்திக் காணவேண்டிய கால்பந்தாட்டத்தையும் திரைப்படத்தையும் களவாகக் கொணரும் வழிகளை அதனுள் நிரப்பி விற்பதே குற்றம். லண்டன் நகரப் போலீஸில் 2013 முதல் அறிவுச்சொத்துக் குற்றங்களுக்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது. 2017-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், இத்தகைய பெட்டியை விற்பது உரிமை மீறலே என்றும், அறிந்தே அதில் காண்பவனுக்கும் விலக்கில்லை என்றும் தீர்த்தது.

ஆயினும் காண்பவன் ஒரு வினா எழுப்புகிறான். "நான் பார்த்ததால் எவன் பொருள் குறைந்தது? கட்டணம் செலுத்த என்னிடம் பணமுமில்லை; பிறகு நட்டம் யாருக்கு?" இதை எளிதில் தள்ளிவிட இயலாது. களவுக்கு நம் உரையாசிரியர்கள் ஐந்து உறுப்புக்கள் கூறினர்: பொருள் பிறருடையதாதல், அதனை அறிந்திருத்தல், களவெண்ணம், முயற்சி, பொருளை அகற்றுதல். முதல் நான்கும் இங்கே பொருந்துகின்றன. ஐந்தாவதில்தான் அவன் தப்ப வழி தேடுகிறான்.

விநய பிடகம் அவ்வழியை அடைத்துவிடுகிறது என்பது நம் கருத்து. தீர்வைக்குரிய பண்டத்தைக் களவெண்ணத்தோடு சுங்கச்சாவடிக்கு அப்பால் கொண்டுசெல்லும் பிக்குவின் செயலும் அங்கே களவென்றே எண்ணப்படுகிறது. அரசனது கருவூலத்திலிருந்து அவர் ஒரு காசும் எடுத்தாரில்லை. சேரவேண்டியது சேராமற் போயிற்று, அவ்வளவே. பெட்டியின் முன் அமர்ந்தவன் நிலையும் இதுவன்றோ? வறுமையைச் சொல்லி இதனை நியாயப்படுத்துவதும் பொருந்தாது. பசித்தவன் எடுத்த கவளம் வேறு. ஆட்டம் காணாமையால் மாண்டவர் எவருமில்லை.

எனினும் அதே விநயம் அளவையும் நோக்குகிறது. ஐந்து மாசகமோ அதற்கு மேலோ பெறுமானமாயின் பிக்கு சங்கத்தினின்று நீங்குவார். குறைந்தால் குற்றமும் குறையும். பிம்பிசாரனது நாட்டில் கள்வரைத் தண்டிக்கும் வழக்கத்தைக் கேட்டறிந்தே இவ்வளவு வகுக்கப்பட்டது. ஆகவே போலீஸார் காண்பவனை விட்டு விற்பவனைத் துரத்துவது முறையே. 2023-இல் டெர்பி நீதிமன்றம் ஐவருக்கு மொத்தம் முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறை விதித்தது. தலைவனுக்கு மட்டும் 11 ஆண்டுகள். 50,000-க்கு மேற்பட்டோரிடம் சந்தா பெற்று, 70 இலட்சம் பவுனுக்கு மேல் ஈட்டிய கூட்டம் அது.

அவ்வழக்கைத் தொடுத்தது சர்க்கார் அன்று. ஆட்டத்தின் உரிமையுடைய பிரீமியர் லீக் நிறுவனமே. அதற்குப் பொருளுண்டு, வழக்கறிஞர் உண்டு. தன் பாட்டைத் தானே பதிந்து ஊர் ஊராக விற்கும் கலைஞனிடம் இதே களவு நிகழ்ந்தால், அவன் எந்த நீதிமன்றத்தின் படியேறுவான்?