ராத்தங்க ஓர் இடம்

"மெட்ராசுக்குப் போனா எங்க தங்குவ?"

எங்கள் தெருவில் யார் பட்டணத்துக்குக் கிளம்பினாலும் முதலில் விழும் கேள்வி இதுதான். என்ன வேலை, எப்போது திரும்புவாய் என்பதெல்லாம் பிறகு. கருவேப்பிலங்குறிச்சியில் பஸ் ஏறி, விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் பிடித்து எழும்பூரில் இறங்குவது பெரிய காரியமில்லை. சுமார் நான்கு மணி நேரம். இறங்கிய பிறகு எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான் காரியம். ஊர்த்தெருக்காரர்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. அவர்களுக்கு அது செலவுக் கணக்கு. நமக்கு அந்தக் கணக்கோடு இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

போன வருசம் பஞ்சமி நில ஆவணம் தேடி எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு மூன்று நாள் போயிருந்தேன். 1892இல் வெள்ளைக்காரன் அரசு நம் மக்களுக்கென்று ஒதுக்க உத்தரவிட்ட நிலம் இன்றைக்கு யார் யார் பட்டாவில் கிடக்கிறது என்பது தெரிந்த கதைதான். அதற்கான காகிதம் தேடிப் போனவனுக்கு, தலைசாய்க்க இரண்டு இடம் இருந்தது. ஒன்று, ஸ்டேஷனுக்கு எதிரே கென்னத் லேனில் ஒரு லாட்ஜ். இன்னொன்று, கண்ணகி நகரில் என் அத்தை வீடு. நான் லாட்ஜுக்குப் போனேன். காப்பகத்துக்குப் பக்கம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் பொய்யில்லை. முழுசும் உண்மையுமில்லை.

ராத்திரி பத்தரை மணி. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் ரிஜிஸ்டரைத் தள்ளினார். பெயர், ஊர், வந்த காரணம். காரணத்துக்கு 'சொந்த வேலை' என்று எழுதினேன். நிலம் மீட்பது சொந்த வேலைதானே! ஆதார் அட்டையைக் கேட்டார். முன்பக்கம் மேலே இருக்கும்படி வைத்தேன். இதை வாசிக்கிற தோழர்களில் பலருக்கு இந்தப் பழக்கம் இருக்கும் என்று நினைக்கிறேன். முன்பக்கத்தில் முகம் இருக்கிறது. பின்பக்கத்தில் தெரு இருக்கிறது. என் தெருவின் பெயரில் 'காலனி' இருக்கிறது.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒன்றும் விளங்காது. அங்கே காலனி என்றால் ரயில்வே காலனி, பேங்க் காலனி. மரியாதையான ஆட்கள் குடியிருக்கும் இடம். எங்கள் மாவட்டத்தில் ஒரே பொருள்தான். 2025 ஏப்ரலில் இந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். நான் போனபோது என் அட்டையில் அது இருந்தது.

மேஜைக்காரர் சென்னைக்காரராக இருந்திருந்தால் பிரச்சினை இல்லை. ஊரைப் படித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "விருத்தாசலம் பக்கமா? நானும் அந்தப் பக்கந்தாங்க. கருவேப்பிலங்குறிச்சியில எங்க?"

அன்பாகத்தான் கேட்டார். அந்த 'எங்க'வுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்றேன். சாவி கிடைத்தது. "அட்டையோட ஜெராக்ஸ் ரெண்டு பக்கமும் நாளைக்குக் குடுத்துருங்க" என்றார்.

கதவைச் சாத்துவதற்காகக் கேட்கப்படலாம் என்று நான் அஞ்சுகிற ஒரு கேள்விக்கு, உண்மையைச் சொல்ல நான் கடமைப்பட்டவனா? அப்போது சொல்வது பொய்யா? பொய் என்றால் அந்தப் பாவம் யார் கணக்கில்?

இந்த இடத்தில் அண்ணல் அம்பேத்கர் முன்னால் வந்து நிற்கிறார். 1917இல் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, படிக்கவைத்த சமஸ்தானத்துக்கு வேலை செய்ய பரோடாவில் வந்து இறங்கினார். வெளிநாட்டில் இருந்த நான்கு வருசத்தில் தான் தீண்டத்தகாதவன் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. ஸ்டேஷனில் இறங்கியதும் முதல் கேள்வி, எங்கே தங்குவது? இந்து ஓட்டல்களில் இடம் கிடைக்காது. பார்சிகள் மதத்தில் தீண்டாமை கிடையாதே என்று பார்சி விடுதிக்குப் போனார். இது பார்சிகளுக்கு மட்டுமானது என்றான் காவலாள். ஆனால் வேறு ஆளே தங்காத விடுதி, வருகிற காசை விட அவனுக்கு மனசில்லை. ரிஜிஸ்டரில் பார்சிப் பெயர் எழுதினால் போதும் என்று ஒத்துக்கொண்டான். எழுதினார். நாளுக்கு ஒன்றரை ரூபாய். மாடியில் குப்பை அடைந்த கூடம், மின்விளக்கு கிடையாது, அரிக்கேன் வெளிச்சத்தில் புத்தகம். பதினோராவது நாள் காலையில் ஆபீசுக்குப் புறப்படும்போது பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடியோடு மாடியேறி வந்தார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய் என்றார்கள். இந்து நண்பர் ஒருவரிடம் போனார். நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் அவர். கிறித்தவ நண்பர் மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். கமாத்தி பாக் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி பம்பாய் ரயிலைப் பிடித்தார். இவ்வளவையும் அவரே எழுதிவைத்திருக்கிறார். அவர் மறைந்து பல வருசம் கழித்து 1990இல்தான் அது சிறு நூலாக வந்தது.

இதைப் படிக்கும் போதெல்லாம் தடியோடு வந்த காட்சியைத்தான் பேசுகிறோம். என்னைத் தொந்தரவு செய்வது அதற்கு முந்தின பத்து நாள். அந்தப் பெயரோடு அந்த மாடியில் அவர் எப்படித் தூங்கியிருப்பார்? சாதி ஒழிப்பைப் பற்றிப் பின்னாளில் அவ்வளவு நேராக எழுதிய மனிதர், தான் இன்னொரு பெயரில் தங்கியதை மறைக்காமல் எழுதியிருக்கிறாரே, அதுதான் பெரிது. அதற்கு அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, பெருமையும் பட்டுக்கொள்ளவில்லை.

தோழர் ஒருவர் என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். "சேரி ஆளுன்னு சொல்லிட்டே ரூம் கேளு. குடுக்கலன்னா கேஸ் போடு. மறைக்கிறது துரோகம்." சட்டம் இருப்பது உண்மைதான். அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு ஓட்டல்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 1955ஆம் வருசச் சட்டம் சத்திரம் சாவடியைக்கூட விடவில்லை. எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பதைத் தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம் என்கிறது. திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் 'பிராமணாள்' பலகையை எதிர்த்துப் பெரியார் 1957இல் நடத்திய போராட்டத்தில் எத்தனை பேர் சிறை போனார்கள்! அதையெல்லாம் நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தோழரே, ராத்திரி பத்தரை மணிக்குக் கையில் பையோடு நிற்பவன் போராடித்தான் தூங்க வேண்டும் என்றால், தூக்கம்கூட நமக்கு ஒரு போராட்டமாகத்தான் கிடைக்குமா? மற்றவன் சும்மா தூங்குகிறான். அந்தச் சும்மாவைத்தான் நானும் கேட்கிறேன். கேட்க உரிமையில்லாத கேள்விக்குச் சொல்லப்படும் பதில் பொய்யாகாது என்பது என் கட்சி. திருடன் பெட்டிச் சாவி எங்கே என்று கேட்டால் காட்டிக்கொடுப்பது வாய்மையா?

ஆனால் இந்தக் கட்சியைச் சுலபமாகப் பேசிவிடலாம், அதில் குடியிருப்பது கஷ்டம். மேஜைக்காரர் மறுநாள் காலை ரூமுக்கு டீ அனுப்பினார். மத்தியானம் பார்த்தபோது, "பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்னாரு வூடு இருக்குமே, தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். அதற்குப் பிறகு பின்பக்க மாடிப்படி வழியாக இறங்க ஆரம்பித்தேன். ஜெராக்ஸ் கடை மூடியிருந்தது என்றேன். மறுநாள் மறந்துவிட்டேன் என்றேன். அம்பேத்கருக்கு வேறு பெயர் எழுதிக்கொள்ளவாவது ஒரு ரிஜிஸ்டர் இருந்தது. இப்போது அட்டையே வாய் திறந்து பேசுகிறது.

வாடகைக்கு வீடு தேடுவது இன்னும் மோசம். லாட்ஜுக்காரருக்குக் காசு வேண்டும், ரூமைக் காலியாக வைத்திருக்க முடியாது. வீட்டுக்காரர் காலியாகவே வைத்திருப்பார். "நீங்க வெஜிடேரியனா?" என்று ஆரம்பிப்பார்கள். "அப்பா என்ன பண்றாரு, குலதெய்வம் எது?" என்று சுற்றி வருவார்கள். கடைசியில் "நேத்தே ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாரு" என்பார்கள். எந்தக் கோர்ட்டில் போய் இதை நிரூபிப்பது? விருத்தாசலம் செராமிக் பேட்டையில் எங்கள் தெருப் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அங்கே செய்யும் பீங்கான் ப்யூஸ் கேரியர் எந்தெந்த ஊர் வீட்டுக்கெல்லாமோ போகிறது. அந்தக் கை பட்ட பண்டம் மெயின் போர்டில் இருக்கலாம், அந்தக் கைக்குரியவள் திண்ணையில் உட்கார முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அகமதாபாத்தில் பார்சிகளின் வீட்டுவசதிச் சங்கம் ஒன்று, பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று வைத்திருந்த விதி செல்லும் என 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் தங்களைக் காத்துக்கொள்வது வேறு, சாதியைக் காப்பது வேறு என்பதை நான் மறுக்கவில்லை. இருந்தாலும் அதைப் படித்த அன்று பரோடா மாடிப்படிதான் ஞாபகத்துக்கு வந்தது.

கேள்வி கேட்காமல் கதவைத் திறப்பவர் யார்? எம்.ஏ. தமிழ் படித்ததற்கு இதையாவது சொல்ல வேண்டும். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் தலைநகருக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் இதே பிரச்சினைதான். கோவலனின் தகப்பன் பெயரைக் கேட்டால் மதுரை வணிகர் வீட்டுக் கதவெல்லாம் திறக்கும் என்று கவுந்தியடிகளே சொல்கிறார். அங்கேயும் தகப்பன் பெயர்தான் சாவி! அதுவரைக்கும் அவர்கள் தங்கியது ஆயர்சேரி மாதரி வீட்டில். அடைக்கலமாக வந்தவர்களுக்கு நேர்ந்த கதியைக் கேட்டு அந்த மாதரி தீயில் விழுந்து செத்தாள். காப்பியத்தைப் பாராட்டுகிற பேராசிரியர்கள் கண்ணகியின் சிலம்போடு நின்றுவிடுகிறார்கள். இடம் கொடுத்தவளை யார் நினைக்கிறார்கள்?

எங்கள் பக்கத்திலும் ஒரு கண்ணகி இருந்தாள். விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டை. தலித் இளைஞர் முருகேசனும் வன்னியர் வீட்டுப் பெண் கண்ணகியும் 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்தார்கள். செய்துவிட்டுத் தங்கத்தான் இடமில்லை. கண்ணகியை உறவினர் வீட்டில் வைத்துவிட்டு முருகேசன் வேறிடத்தில் இருந்தார். முருகேசனின் உறவினர்களை மிரட்டித்தான் இடத்தைத் தெரிந்துகொண்டார்கள். ஜூலையில் இருவரையும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். தீர்ப்பு வர 2021 ஆயிற்று. இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு மாவட்டந்தோறும் பாதுகாப்பு இல்லம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் பேசியது. ஒரே ஒரு ரூம், பதில் சொல்லாமல் தங்கக்கூடிய ரூம், உயிரின் விலையாக இருக்கிற ஊரிலிருந்து வந்தவன் நான். லாட்ஜைச் சாதாரணமாகப் பேச என்னால் ஆகாது.

மூன்றாம் நாள் காலையில் ரூமைக் காலி செய்யும்போதுதான் ஜெராக்ஸைக் கொடுத்தேன், இரண்டு பக்கமும். மேஜைக்காரர் அதைப் பார்க்காமலே கோப்பில் சொருகினார். "அடுத்த தடவ வந்தா நம்ம லாட்ஜுக்கே வாங்க" என்றார். பார்க்காததால் அவர் நல்லவர் என்று முடிவுகட்டவும் முடியவில்லை. மூன்று நாள் அவரைச் சந்தேகித்ததற்கு மன்னிப்புக் கேட்கவும் முடியவில்லை.

அங்கிருந்து பஸ் பிடித்து அத்தை வீட்டுக்குப் போனேன். ஒரு காலத்தில் அத்தையின் குடிசை கூவக்கரையில் இருந்தது, எழும்பூரிலிருந்து நடந்தே போய்விடலாம். சின்ன வயசில் அப்பாவோடு வந்து அங்கேதான் படுத்துக்கிடந்திருக்கிறேன். ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், கோர்ட்டுக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள் எல்லோரும் தங்கியது அந்தப் பத்துக்குப் பத்தில். அதுதான் எங்கள் தெருவுக்குச் சென்னையில் இருந்த சத்திரம். 'ஆக்கிரமிப்பு' என்று இடித்துவிட்டு, சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி, துரைப்பாக்கத்துக்குப் பக்கம் கண்ணகி நகரில் கொண்டுபோய்ப் போட்டார்கள். 15,000க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கான வீடுகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. குடிசை மாற்று வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிவிட்டது. மதிலுக்கு வெளியே வைப்பது மாறவில்லை. குடிசையை இடித்தபோது ஊரிலிருந்து வருகிறவர்களின் சத்திரத்தையும் சேர்த்து இடித்தார்கள் என்பது எந்தக் கணக்கெடுப்பிலும் வராது.

ஆனால் தூரத்துக்காக மட்டும் நான் அங்கே போகாமல் இருக்கவில்லை. காப்பகத்தில் பழக்கமாகிற ஆய்வாளர்கள், பத்திரிகைக்காரர்கள் "எங்க தங்கியிருக்கீங்க?" என்று கேட்பார்கள். எழும்பூரில் லாட்ஜ் என்றால் பேச்சு அடுத்ததற்குப் போய்விடும். கண்ணகி நகர் என்றால் அவர்கள் கண்ணில் ஒரு நிமிசம் வந்து போகிற அது, எனக்கு வேண்டாமாயிருந்தது. மேடையில் சேரி, சேரி என்று முழங்குகிறவன்தான் நான்.

"எப்ப ராசா வந்த?" என்றாள் அத்தை.

"இப்பதான் அத்த. ரயிலை விட்டு எறங்கி நேரா வர்றேன்."

மேஜைக்காரருக்குச் சொன்ன பதிலுக்கு வக்காலத்து வாங்கி இவ்வளவு எழுதிவிட்டேன். இதற்கு எழுத என்னிடம் ஒன்றுமில்லை. எதையுமே கேட்காதவளிடம், கேட்க எல்லா உரிமையும் உள்ளவளிடம், அதே வாயால் அதே மாதிரி வந்தது.

அழுக்குச் சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கித் துவைக்க எடுத்தாள். பையைத் துழாவி ஒரு சீட்டை எடுத்து, "இது என்னான்னு பாரு, வேணுமாயிருக்கும்" என்று பேத்தியிடம் கொடுத்தாள். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை. பள்ளிக்கூடத்தில் வாசிப்பது மாதிரி சத்தமாக வாசித்தாள். லாட்ஜ் பெயர். ரூம் நம்பர். வந்த தேதி. மூன்று நாள். மொத்தத் தொகை.

"மாமா, இது எழும்பூர்ல இருக்கா?" என்றாள்.

அத்தை சட்டையை வாளியில் போட்டு அமுக்கினாள். "கைகால கழுவிட்டு வா. சோறு ஆறுது" என்றாள்.