மூன்று ஸ்பூன் சர்க்கரை

அதிகாலை மூன்றே காலுக்கு ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை. பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கரண்ட் போயிருக்கும், அதனால்தான் இந்த வியர்வை என்று நினைத்தேன். ஃபிரிட்ஜ் விளக்கு கண்ணெதிரே எரிந்துகொண்டிருந்தும் அந்த நினைப்பு கலையவில்லை.

வெளிச்சம் பார்த்து மனைவி எழுந்து வந்தாள். "என்னங்க, சுகர் இறங்கிடுச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ போய்ப் படு."

அந்தச் சிடுசிடுப்பே அவளுக்குப் பதிலாகப் போதுமாயிருந்தது. மறுபடி கேட்கவில்லை. விரலைப் பிடித்துக் குத்தினாள். 58. டம்ளரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுத் தண்ணீர் ஊற்றி, சரியாகக் கலக்கக்கூட நிற்காமல் கையில் திணித்தாள்.

*

70-க்குக் கீழே போனாலே சுதாரிக்க வேண்டும் என்பார்கள். சுதாரிப்பது யார்? மூளைக்கு முக்கியத் தீனி குளுக்கோஸ். அது குறைந்தால், குறைந்துவிட்டது என்று கண்டுபிடிக்க வேண்டிய புத்தியும் சேர்ந்து மங்குகிறது. திருடன் வரும் நேரம் பார்த்துக் காவல்காரன் தூங்கிப்போகிற மாதிரி. "ஒண்ணுமில்ல" என்று நான் சொன்னது பொய்யில்லை. அந்த நேரத்தில் எனக்கு எட்டிய உண்மை அவ்வளவுதான்.

*

திருவண்ணாமலையிலேயே குடியிருந்துகொண்டு வருஷக்கணக்காகக் கிரிவலம் போகாதவன் நான். அன்று போனேன். 14 கிலோமீட்டர். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருந்தது. பிரிக்க வேண்டியே வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் 132. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ராத்திரிக்கு வழக்கமாகப் போடும் ஊசியை அதே அளவில் போட்டுக்கொண்டேன். களைப்பில் இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை.

கணக்கு தப்பியது அங்கேதான். நடையில் செலவழித்த சர்க்கரையைத் தசைகள் தூக்கத்திலும் ரத்தத்திலிருந்து இழுத்து நிரப்பிக்கொண்டே இருக்குமாம், மறுநாள் வரைக்கும்கூட. நான் சுற்றி முடித்துவிட்டேன், கால்கள் முடிக்கவில்லை. சொந்தக் கணையம் என்றால் சர்க்கரை இறங்குவது தெரிந்ததும் இன்சுலின் சுரப்பதை அடக்கிக்கொள்ளும். தோலுக்கடியில் ஏற்றிய மருந்தை எப்படித் திரும்ப அழைப்பது?

*

1921-இல் டொராண்டோவில் இன்சுலினைக் கண்டுபிடித்த புதிதில், அதை அளக்க முயல்களைத்தான் பிடித்தார்கள். பட்டினி போட்ட முயலின் சர்க்கரையை வலிப்பு வரும் அளவுக்கு இறக்க எவ்வளவு மருந்து வேண்டுமோ, அது ஒரு யூனிட். பிறகு அளவு மாறியது, முறையும் மாறியது. ஆனாலும் ஊசியில் கோடு பார்த்து மருந்தை இழுக்கும்போது சில நாள் அந்த முயல் நினைவுக்கு வருகிறது. எத்தனையோ உயிர்களை மீட்ட மருந்துக்கு முதல் அளவுகோல், அது தரக்கூடிய ஆபத்துதான்.

*

முன்பெல்லாம் 70-ஐ நெருங்கும்போதே கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இப்போது அந்த நடுக்கம் வருவதில்லை. அடிக்கடி இறங்கினால் உடம்பு எச்சரிப்பதை விட்டுவிடும் என்றார் டாக்டர். மூத்த நோயாளிக்கு 140, 150 என்று காலைச் சர்க்கரை நின்றால் குடி முழுகிவிடாது என்று சொல்லி, ஊசியின் அளவையும் குறைத்தார். நல்ல மார்க் வாங்கிப் பழகியவனுக்குக் குறைந்த மார்க்கில் திருப்திப்படச் சொன்ன மாதிரி இருந்தது. சிறுபிள்ளைத்தனம்தான். மனைவியிடம் தனியாக ஒன்று சொன்னார்: நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும், உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

அதைக் கேட்டுக்கொண்டு அவள் தலையாட்டிய விதத்தை இங்கே எழுத வரவில்லை.

*

சர்க்கரை குடித்த பிறகு பதினைந்து நிமிஷம் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். சொல்லச் சுலபம். பசி அகோரமாக இருக்கும். முறுக்கு டப்பா, வாழைப்பழம், மீந்த சோறு எல்லாம் கூப்பிடும். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய், காலையில் 300-ஐப் பார்த்த நாட்கள் உண்டு. அன்று அவள் டப்பாவை நகர்த்திவைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். பதினெட்டு வருஷமாக எனக்கு எட்டாமல் மேல்தட்டில் இருந்த சர்க்கரை ஜாடி எங்கள் நடுவே மேஜையில் இருந்தது. இருவரும் பேசவில்லை. சுவர்க் கடிகாரத்தின் சத்தம் மட்டும்.

டம்ளர் அடியில் கரையாத சர்க்கரை கொஞ்சம் கிடந்தது. விரலை விட்டு வழித்து நக்கினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கையக் கழுவிட்டு வாங்க. அந்த விரல்ல குத்துனா மீட்டர் ஐந்நூறு காட்டும்."

கழுவித் துடைத்துக்கொண்டு வந்தேன். 91.