விலைபோன மன்னனும் தப்பிச் சென்ற அடிமையும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் திருவிழாக் காலத்து மேடையில் நான் கண்ட நாடகங்களுள், கூட்டம் முழுவதையும் ஒருங்கே கண்ணீர் வடிக்கச் செய்தது அரிச்சந்திரன் கதை ஒன்றே. முனிவருக்குப் பட்ட கடனை அடைக்க மனைவியையும் மைந்தனையும் காசி வீதியில் விலைகூறி விற்று, தானும் சுடலை காக்கும் வீரவாகுவுக்கு அடிமையான அம்மன்னனின் துயரத்தை, கடன்பட்டு ஊரைவிட்டு வந்தவர்களின் சந்ததியார் அந்நியர் துயரமாகக் கருதுவது எங்ஙனம்? ஏலக் காட்சியின் நடுவே, கம்பளியைத் தலையோடு போர்த்தியிருந்த மூதாட்டி ஒருவர் என் பக்கம் திரும்பி, "எங்க தாத்தாவும் கடனுக்குத்தான்யா கப்பலேறினாரு" என்றார்.

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பெரும்பகுதியில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்த 1834ஆம் ஆண்டிலேயே இந்தியக் கூலிகள் மொரீஷியஸ் தீவில் இறக்கப்பட்டார்கள். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்ட பின்னும், கங்காணிகள் ஆள் திரட்டுவது 1938இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரை நீடித்தது. 1929இல் போ தோட்டம் தொடங்கிய இம்மலையின் தேயிலையும் அவ்விதம் வந்த மக்களின் கைகளால் வேர்பிடித்ததே.

அதே 1834இன் முதல் நாளில், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், நீராவிப் படகிலிருந்து இறங்கிக் காட்டுக்குள் மறைந்தான் ஓர் இளைஞன். பிற்காலத்தில் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பெரும் பேச்சாளராக விளங்கிய வில்லியம் வெல்ஸ் பிரவுன் அவர். அடிமை வியாபாரி ஒருவனிடம் வேலைக்கு விடப்பட்டிருந்த நாட்களில், சந்தைக்குப் போகும் முதியவர்களின் நரையைப் பிடுங்கியும், மிகுதியாக இருந்தால் மைபூசி மறைத்தும், கன்னங்களில் நீர் வழிய நிற்போரை வாங்குவோர் முன் ஆடச்செய்தும் அவர்களை 'இளமையாக்கும்' பணி அவருக்கு இடப்பட்டிருந்தது. ஒப்பனையின் அக்கொடிய பிரயோகத்தை அறிந்த அம்மனிதரே 1858இல் தப்பியோடும் அடிமைகளைப் பற்றிய நாடகமொன்றை வெளியிட்டார். கறுப்பின அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவில் அச்சேறிய முதல் நாடகம் அதுவே. அடிமையின் குரலையும் எஜமானனின் குரலையும் தாமொருவராகவே பேசி, அதை அவர் ஊர்தோறும் வாசித்துக் காட்டினார்.

அரிச்சந்திரன் பொறுத்தான், ஆகவே வெட்ட ஓங்கிய வாள் மாலையாயிற்று, தேவர்கள் தோன்றினார்கள், இழந்த ராஜ்யம் திரும்பிற்று. பிரவுனின் நாடகத்தில் தேவர்கள் வருவதில்லை. நயாகராவின் அக்கரையை அடிமைகள் தாமே கடந்து அடைகிறார்கள். மன்னன் அடிமையானான் என்பதற்காக விடிய விடிய அழுத நாம், அந்தச் சுடலைக்கென்றே பிறந்தவனாகக் கருதப்பட்ட வீரவாகுவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் வடித்ததில்லை என்பது என் நெஞ்சை உறுத்துகிறது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பதைப் பெரும்பாலும் பூமியை ஆள்பவர்களே நமக்குப் போதித்திருக்கிறார்கள்.

ஆயினும் அரிச்சந்திரனை மேடையிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்று நான் கூறேன். பால்யத்தில் அந்நாடகத்தைக் கண்டு உள்ளம் உருகிய காந்தியடிகளே, பின்னர் நேட்டாலில் பல் உடைந்து, வாயில் உதிரம் வழிய, தலைப்பாகையைக் கையிலேந்தி வந்து நின்ற ஒப்பந்தக் கூலி பாலசுந்தரத்தின் வழக்கை ஏற்றார். அந்நாடகத்தில் அவர் கண்டது சத்தியத்தை, சகிப்பை மட்டுமன்று.

அந்த மேடையில் மறுநாள் இரவு பிரவுனையும், 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியையும் நம் பிள்ளைகள் வேடமிட்டுக் காட்டட்டும். பிரவுனைப் போலவே நாமும் எஜமானனின் குரலை மறைக்கலாகாது: தலைக்கு இவ்வளவு என்று ஆள் பிடித்த கங்காணி நம்மவனே, அவனும் நம் தமிழிலேயே பேசட்டும். இன்று கொழுந்தெடுக்கும் நேபாளியரும் வங்காளதேசத்தவரும் கொட்டகையின் கடைசியில் நின்று பார்ப்பவர்களாக மாத்திரம் இராமல், தரகனுக்குப் பட்ட கடனைத் தம் மொழியில் சொல்ல அவர்களுக்கும் ஒரு காட்சி எழுதப்பட வேண்டும்.