கையின் பெயர்

விடுமுறைக்கு உடுப்பிட்டிக்கு வந்திருந்த உறவினர் ஒருவர் தமது பணப்பையை எடுத்துக் காட்டினார். கழித்தொதுக்கிய ஜாகுவார் கார் ஒன்றின் ஆசனத் தோலிற் செய்தது, முழுவதும் கைத்தையல். விலையைக் கேட்டு வியந்தோம். தைத்தவர் யார் என்று கேட்டோம். அது அவருக்குத் தெரியவில்லை. காரின் பெயர் மட்டும் தெரிந்திருந்தது.

அன்று மாலையே அறுந்த செருப்பொன்றைச் சந்தியிலே தைப்பித்தோம். தைத்தவர் இருநூறு ரூபா கேட்டார். நாம் நூறு ரூபாவுக்குப் பேரம் பேசினோம். வீடு திரும்பிய பின்னரே அவ்விரு செயல்களும் எம் நெஞ்சில் ஒன்றோடொன்று மோதின. ஓரிடத்தில் கைவேலையை வியந்த நாம், மற்றோரிடத்தில் அதையே மலிவாக்க முனைந்தது ஏன்?

பழையதைப் புதுக்குவதில் தவறில்லை. தோல் பதனிடுவது ஆற்றையும் நிலத்தையும் பலிகொள்ளக்கூடிய தொழில். தமிழ்நாட்டிலே பாலாறு அதன் கழிவாற் கெட்டதை இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் எடுத்துரைத்தது. இத்தகைய தொழிலாற் பெற்ற தோலைப் பாதி வாழ்நாளில் எறிவது மேலுமொரு குற்றமாகும்.

ஆயின் இச்சிக்கனம் எமக்குப் புதியதன்று. 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எமது மக்கள் ஜாம் போத்தலிற் பஞ்சையும் சிறிது மண்ணெண்ணெயையும் இட்டு விளக்கேற்றினார்கள். அவ்வொளியிலே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். அதனை எவரும் கலை என்று போற்றவில்லை. வறியவர் செய்தால் அது ஒட்டு. செல்வர் வாங்கினால் அது நாகரிகம்!

அப்பணப்பையைச் செய்வது எளிதன்று. பழைய தையற் துளைகளை விலக்கித் தோலை வெட்ட வேண்டும். ஓரங்களை மெல்லிதாகச் சீவ வேண்டும். துளையிட்டு, மெழுகிட்ட நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இருபுறமிருந்தும் இழுத்துத் தைக்க வேண்டும். இவ்வளவையும் செய்த கை மறைந்துவிட, காரின் பெயரே விலையைத் தீர்மானிக்கிறது. மனிதரின் உழைப்பு பண்டத்தின் இயல்பான குணம்போலத் தோன்றுவதை மார்க்ஸ் 1867 இல் வெளிவந்த 'மூலதன'த்தில் விளக்கினார். எமது மண்ணிலோ அந்த மறைப்பின்மேற் சாதியும் படிந்திருக்கிறது. சாதியைக் காட்டிக் கடையிலும் கோயிலிலும் ஒருவரைத் தடுப்பது குற்றமென இலங்கையில் 1957 இலேயே சட்டம் வந்தது. தோலைத் தொடும் கையைப் பற்றி எம் மனத்திலுள்ள இழிவெண்ணத்தை அச்சட்டம் அகற்றிவிட்டதா?

மும்பாயில் நிகழ்ந்த ஒன்று இங்கே சிந்திக்கத்தக்கது. 2015 இல் மகாராட்டிர மாநிலம் எருதுகளையும் காளைகளையும் கொல்வதைத் தடைசெய்தது. தோலை நம்பிய தொழிலாளர் பலர் பிழைப்பிழந்தனர். சுதீர் ராஜ்பர் என்னும் ஓவியர் அத்தகையோருடன் சேர்ந்து, கழிவு இறப்பரை மீளப் பயன்படுத்திக் கைப்பைகள் செய்யலானார். அந்நிறுவனத்துக்கு அவர் இட்ட பெயர் 'சமார்'. அது வட இந்தியத் தோற்றொழிலாளர் சாதியின் பெயர். வசைச் சொல்லாகவும் வழங்குவது. அப்பெயரைச் சொல்லி ஒருவரை இழிவுபடுத்துவது குற்றமென இந்திய உச்ச நீதிமன்றம் 2008 இற் கூறியிருந்தது. அதே பெயரைப் பைகள் தாங்கி வந்தபோது, வாங்குவோர் காரின் பெயரையன்று, தைத்த மக்களின் பெயரையே உச்சரிக்க வேண்டியதாயிற்று.

பெயர் மட்டும் போதுமா? போதாது. விலை உயரும்போது அதில் தைத்தவருக்குரிய பங்கும் உயர வேண்டும். இன்றேல் பெயரும் விற்பனைச் சரக்காகிவிடும். எனினும் மறைக்கப்பட்ட கையைக் காண்பது நீதிக்கு முதற்படி.

வகுப்பறையிலே, தொழிலில் உயர்வு தாழ்வு இல்லை என்று நாம் மாணவருக்குக் கற்பிக்கிறோம். சந்தியிலே நூறு ரூபாவுக்காக வாதாடும் ஆசிரியரை அந்த மாணவர் காண்பாராயின், எந்தப் பாடத்தை அவர் நம்புவார்? அடுத்த முறை அத்தொழிலாளியிடம் செல்லும்போது கேட்ட கூலியைக் கொடுப்போம். அவரது பெயரையும் கேட்டறிவோம்.