ஆடாதவனின் ஓய்வு

போன மாதம் என் தம்பி மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கல்லூரியில் படிக்கிறவன். மேஜைமேல் கிடந்த இசைத்தட்டின் உறையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதைப் போய்க் காசு கொடுத்தா வாங்குனீங்க, பெரியப்பா? இதுல இருக்கிறதெல்லாம் போன்லயே கேட்கலாமே!" என்றான். கேள்வியில் குறும்பு இருந்தது, நியாயமும் இருந்தது. அப்போதைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி கடன் கொடுத்தவனைப் போன்றது. நாம் சற்று நிம்மதியாக உட்காரும் வேளை பார்த்து வந்து கதவைத் தட்டும். அந்தக் கடனைத்தான் இங்கே அடைக்கப் பார்க்கிறேன்.

அவன் பார்த்தது 'கஃபே டெல் மார்' என்ற வரிசையில் 1994-ல் வந்த முதல் திரட்டு. பல பேர் அமைத்த இசையை ஒருவர் பொறுக்கியெடுத்துக் கோத்த மாலை. 'சில்-அவுட்' சங்கீதம் என்று இதற்குப் பெயர். நடன சங்கீதத்தின் வம்சத்தில் பிறந்து, நடனத்தைத் துறந்துவிட்ட பிள்ளை இது. சேபர்ஸ் ஆஃப் பாரடைஸ் என்ற குழுவினரின் இசை ஒன்று இதில் இருக்கிறது. அதுகூடத் தாளத்தை நீக்கிவிட்ட வடிவம்தான். ஆட்டத்துக்கென்று பிறந்த சங்கீதத்திலிருந்து தாளத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? அதற்கு விலை கொடுப்பது தகுமா? பையனின் கேள்வியை நான் இப்படித்தான் விரித்துக்கொள்கிறேன்.

இந்தச் சங்கீதம் எதற்காக ஏற்பட்டது என்று பார்த்தால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. 1989-ல் லண்டனில், ஹெவன் என்ற இரவு நடன விடுதியில், ஒரு பக்கம் பெருங்கூட்டம் ஆடிக்கொண்டிருக்க, தனியே ஓர் அறையில் அலெக்ஸ் பாட்டர்சனும் ஜிம்மி காட்டியும் ஆட்டத்துக்கு உதவாத, மெல்லிய சங்கீதத்தை ஒலிக்கவிட்டார்கள். களைத்தவர்கள் அங்கே போய்ச் சாய்ந்துகொள்வார்கள். ஆட்டத்தோடு போதை மாத்திரையும் சேர்ந்திருந்த காலம் அது. உடம்பு கொதித்துச் சுருண்டு விழுந்தவர்கள் உண்டு, மாண்டவர்களும் உண்டு. இளைப்பாற ஓர் அறை, குடிக்கத் தண்ணீர் என்பவை அந்த ஊரில் உயிர் காக்கும் ஏற்பாடாகவே கருதப்பட்டன.

ஸ்பெயின் நாட்டின் இபிசா தீவில் கதை வேறு விதம். சான் அன்டோனி என்ற ஊரில், மேற்குக் கடலைப் பார்த்தபடி 1980-ல் திறந்த கடைதான் கஃபே டெல் மார். அங்கே 1991-ல் ஹோசே படில்லா வந்து சேர்ந்தார். இசைத்தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒலிக்கவைப்பது அவருடைய தொழில். சூரியன் கடலில் இறங்குவதற்கு இசைவாக அவர் தட்டுகளைத் தேர்ந்தெடுப்பார். வெயில் குறையக் குறைய சங்கீதமும் நிறம் மாறும். தாமே கோத்ததை காசெட்டில் பதிந்து விற்றும் வந்தார். அதன் வளர்ச்சிதான் 1994-ன் திரட்டு. அந்த வரிசையின் முதல் ஆறும் அவர் கோத்தவை. 2020-ல் அவர் காலமானார்.

ஆக, இது ஆடியவனுக்காக ஏற்பட்ட ஓய்வு. அல்லது மாலைச் சூரியன் எதிரே நிற்பவனுக்காக ஏற்பட்ட துணை. நானோ ஆடினவனும் அல்ல. அந்தக் கடலைக் கண்டவனும் அல்ல. நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவன். உழைக்காதவன் கூலி கேட்பதுபோல, ஆடாதவன் இந்த ஓய்வைக் கேட்கலாமா?

வியாபாரிகளுக்கு இந்தச் சங்கடம் இல்லை. ஓட்டல்களும் மதுக்கடைகளும் தத்தம் பெயரில் திரட்டுகளை வெளியிடத் தொடங்கின. பாரிசில் 1996-ல் திறந்த புத்தா பார் 1999-ல் தன் முதல் திரட்டை வெளியிட்டது. அப்புறம் எத்தனையோ! உறையில் ஒரு கடற்கரை, ஒரு சாய்வு நாற்காலி, 'ஓய்வு' என்று பொருள்படும் ஒரு சொல். உள்ளே கோத்தவன் யார், ஏன் கோத்தான் என்பது தெரியாது. இத்தகையவற்றை வாங்காதே என்று என் தம்பி மகனுக்குத் தயக்கமில்லாமல் சொல்வேன். மற்றதைச் சொல்லத்தான் என் சொந்தக் கதையைத் தொட வேண்டியிருக்கிறது.

போன வருஷம் தை மாதம் என் தகப்பனார் காலமானார். அதன் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டும். பிறகு விடியும்வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாரோ சொல்லித்தான் இந்தத் தட்டை வாங்கினேன். மாத்திரை விழுங்குவதுபோல இரவுதோறும் சன்னமாக வைத்துக்கொண்டு படுத்தேன். ஒன்று எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றுகூடக் கவனித்ததில்லை. இரண்டு மாதம் இப்படிப் போயிற்று.

ஒரு நாள் இரவு என் மனைவியும் விழித்துக்கொண்டாள். சற்று நேரம் பேசாமல் கேட்டுவிட்டு, "ஏங்க, இது ஆர்மோனியம்தானே?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அறுபது இரவு கேட்டவனுக்குத் தெரியவில்லை! எழுந்து விளக்கைப் போட்டு உறையைப் பார்த்தேன். ஆர்மோனியம்தான். பெங்குவின் கஃபே ஆர்க்கெஸ்ட்ரா என்ற குழுவின் இசை. அதை அமைத்த சைமன் ஜெஃப்ஸ் ஜப்பானில் கியோட்டோ நகரத்துச் சந்து ஒன்றில், யாரோ வேண்டாமென்று போட்டிருந்த ஆர்மோனியத்தைக் கண்டெடுத்தாராம். அதில் பிறந்தது இது. தலைப்பே அதைத்தான் சொல்லுகிறது.

என் தகப்பனாரும் ஆர்மோனியம் வாசித்தவர். பஜனை மடத்தில் சனிக்கிழமைதோறும் வாசிப்பார். கடைசி நாட்களில் துருத்தி கிழிந்து அது பரணில் கிடந்தது. காரியங்கள் முடிந்த மறுவாரம், பழைய பத்திரிகைகளோடு சேர்த்து அதையும் பழைய சாமான்காரரிடம் எடை போட்டது நான்தான். அன்று அது ஒரு குற்றமாக எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டை ஒழித்துவிட்டால் மனமும் ஒழிந்துபோகும் என்று நினைத்தேன்.

அந்த இரவில் நான் தூங்கவில்லை. ஆனால் இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அழுதேன். விடிந்த பிறகு, பல நாட்களாகத் தொடாத காகிதத்தைத் தொட்டேன்.

இதிலிருந்து சங்கீதம் துக்கத்துக்கு மருந்து என்று சொல்ல வரவில்லை. மருந்தாக நான் அதை விழுங்கியவரைக்கும் அது ஒன்றும் செய்யவில்லை. காது கொடுத்த அன்றுதான் செய்தது. 'இந்தச் சங்கீதம் பின்னணியில் கிடப்பதற்கென்றே செய்தது. நீ ஏன் அதைக் கட்டாயமாகக் கேட்க வேண்டும்?' என்று ஒருவர் கேட்கலாம். இந்த வகைக்கெல்லாம் முன்னோடியாக 1978-ல் விமான நிலையங்களுக்கென்று ஒரு தட்டு வெளியிட்ட பிரையன் ஈனோ, கவனிக்காமலிருப்பவனுக்கும் கவனிப்பவனுக்கும் ஒருங்கே இடம் தரும் சங்கீதத்தைத்தான் விரும்பினார். எனக்கும் அது சம்மதம். ஆனால் கவனிக்கத் தெரிந்தவன் கவனிக்காமலிருந்தால்தான் அது ஓய்வு. ஒருநாளும் கவனித்தறியாதவன் அனுபவிப்பது வெறும் செவிட்டுத்தனம்.

போனில் எல்லாம் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் நான் விலை கொடுத்தது பாட்டுகளுக்கு அல்ல, கோவைக்கு. 'இதன் பின் இது வரட்டும், இந்த இடத்தில் ஆர்மோனியம் வரட்டும்' என்று ஒரு மனிதர் எடுத்த முடிவுக்கு. திரட்டுகிறவனின் மதிப்பு தமிழனுக்குத் தெரியாததல்ல. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. பாடிய புலவர்களோடு, தொகுத்தவரின் பெயரையும் நம்மவர்கள் மறக்காமல் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, தம்பி மகனே, வாங்கலாம். பத்து வேண்டாம், ஒன்று போதும். கோத்தவன் பெயர் தெரிந்த ஒன்றாகப் பார்த்து வாங்கு. அதற்கு இரண்டு விலை உண்டு. பணம் கடையில் கொடுப்பது. மற்றது, ஒரு சாயங்காலம் விளக்கேற்றாமல் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை கேட்பது. இந்த இரண்டாவது விலையை நான் இரண்டு மாதம் கொடுக்காமல் ஏமாற்றினேன். அதுவரை அந்தத் தட்டு என் வீட்டில் இருந்ததே தவிர, எனக்குச் சொந்தமாகவில்லை.

அந்தப் பழைய சாமான்காரரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர் அப்புறம் எங்கள் தெருப் பக்கம் வரவில்லை.