சந்தேகிப்பவரின் கடமை

கடைக்குள் வருபவர்கள் மீது கடைக்காரர் ஒரு கண் வைத்திருப்பதை யாரும் தவறென்று சொல்வதில்லை. பொருள் அவருடையது, களவு போனால் நஷ்டமும் அவருடையது. ஆனால் பார்க்கும் வேலை இப்போது கைமாறியிருக்கிறது. நடந்ததைப் பதிவு செய்வதோடு கேமரா நின்றுகொண்ட காலம் போய்விட்டது. இன்று பல நாடுகளின் பெருங்கடைகளில் அது பார்ப்பதை அந்த நொடியே அலசிப் பணியாளருக்குத் தகவல் சொல்கிறது: இவர் முன்பு திருடியவர், இவர் கை பைக்குள் போனது, இந்தப் பொருளுக்கு இன்னும் பில் விழவில்லை. சொல்வது செயற்கை நுண்ணறிவு மென்பொருள். அதைக் கேட்டு நடப்பவர் பணியாளர். விளைவைச் சந்திப்பவர் வாடிக்கையாளர். சொத்தைக் காக்கும் உரிமை ஒருவருக்கு இருப்பதாலேயே, முன்பின் அறியாத ஒருவர்மேல் சந்தேகத்தைச் சுமத்தும் உரிமையும் அவருக்கு வந்துவிடுமா? வரும் என்றால் எதுவரை?

இதை எடைபோட, அமெரிக்காவின் பெரிய மருந்துக்கடைத் தொடர்களில் ஒன்றாக இருந்த ரைட் எய்ட் நிறுவனத்தின் வழக்கைப் பார்க்க வேண்டும். 2012 முதல் 2020 வரை தன் நூற்றுக்கணக்கான கடைகளில் அது முக அடையாள மென்பொருளைப் பயன்படுத்தியது. கடையில் திருடியவர்கள், திருடியிருப்பார்கள் என்று பணியாளர்கள் கருதியவர்கள் என எல்லோருடைய படங்களும் ஒரே பட்டியலில் சேர்ந்தன. பல்லாயிரம் பேர் அதில் ஏற்றப்பட்டார்கள். படங்களில் பல, கண்காணிப்பு கேமராவிலிருந்து பிரித்தெடுத்த மங்கலானவை. சில, பணியாளர்களின் செல்போனில் எடுத்தவை. முடிந்தவரை நிறையப் பேரைப் பட்டியலில் ஏற்றும்படி பணியாளர்களுக்கு அறிவுறுத்தலும் இருந்தது.

கடைக்குள் வரும் முகம் பட்டியலில் உள்ள ஒன்றோடு பொருந்துவதாக மென்பொருளுக்குத் தோன்றினால், பணியாளரின் செல்போனில் எச்சரிக்கை வந்து விழும். அந்தப் பொருத்தம் எவ்வளவு உறுதியானது என்பதைப் பொதுவாக அது சொல்லாது. பில் போட்டுக்கொண்டோ, அலமாரியில் மருந்து அடுக்கிக்கொண்டோ இருந்த பணியாளர், அடுத்த நிமிடம் ஒருவரைப் பின்தொடர வேண்டியவராக ஆனார். சிலர் கடை முழுக்கப் பின்தொடரப்பட்டார்கள். சிலரிடம் சோதனை நடந்தது. சிலர் மற்றவர்கள் முன்னிலையில் திருடர் என்று குற்றம் சாட்டப்பட்டு வெளியேற்றப்பட்டார்கள். சிலர் விஷயத்தில் போலீஸும் வந்தது. இப்படித் தவறாக அடையாளம் காணப்பட்டவர்களில் ஒருத்தி பதினோரு வயதுச் சிறுமி. பணியாளர் அவளை நிறுத்திச் சோதனையிட்டார். கலங்கிப்போன பிள்ளையைத் தேற்றுவதற்காகத் தாயால் வேலைக்குப் போக முடியவில்லை.

இவையெல்லாம் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் முன்வைத்த புகாரில் இருப்பவை. அதில் இன்னொரு தகவல் உண்டு. பட்டியலில் இருந்த ஒரே ஒருவரின் படத்தை வைத்து, ஐந்தே நாள்களில் 130க்கும் மேற்பட்ட கடைகளில் 900க்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் எழுந்தன. கடைகளோ நியூயார்க்கிலிருந்து சியாட்டில் வரை, நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை பரவிக் கிடந்தவை. ஓர் ஆள் ஐந்து நாளில் அத்தனை ஊர்க் கடைகளிலும் நுழைந்திருக்க முடியாது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு கடையிலும் எச்சரிக்கையைப் பார்த்தவருக்கு அந்த ஓர் எச்சரிக்கைதான் தெரிந்தது. மற்றவற்றை அவர் அறியவில்லை. முகத்தைப் பார்க்கிறார்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டாம் என்பதே பணியாளர்களுக்கு உணர்த்தப்பட்டிருந்தது. கறுப்பின, ஆசிய மக்கள் அதிகம் வாழும் பகுதிகளின் கடைகளில் தவறான எச்சரிக்கைக்கு வாய்ப்பு கூடுதலாக இருந்தது என்றும் ஆணையம் குற்றம்சாட்டியது. ஐந்தாண்டுகளுக்கு இந்தத் தொழில்நுட்பத்தைக் கண்காணிப்புக்குப் பயன்படுத்தக் கூடாது, திரட்டிய படங்களை அழிக்க வேண்டும் என்பது உத்தரவு. குற்றச்சாட்டுகளை ஏற்கவில்லை, சில கடைகளில் மட்டும் நடந்த முன்னோட்டத் திட்டம் அது, எப்போதோ நிறுத்திவிட்டோம் என்பது நிறுவனத்தின் பதில்.

அன்றைய மென்பொருள் தரம் குறைந்தது, இன்றையது வெகுவாக முன்னேறிவிட்டது என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. முன்னேறியது உண்மைதான். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நாளுக்கு 2,000 பேர் வரும் ஒரு பெருங்கடையில், ஆயிரம் பேரில் ஒருவரை மட்டுமே தவறாகச் சுட்டும் மென்பொருள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு இரண்டு நிரபராதிகள், வாரத்துக்குப் பதினான்கு பேர். பட்டியலில் உள்ள ஆள் உண்மையில் வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறார் என்றால், பதினைந்து எச்சரிக்கைகளில் பதினான்கு பொய். விளம்பரத்தில் 99.9 சதவீதம் சரி என்று வரும் எண்ணுக்கு நடைமுறையில் இதுதான் பொருள். அந்தப் பிழையும் எல்லோர் மேலும் சமமாக விழுவதில்லை. அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பல மென்பொருள்கள் வெள்ளையரைவிட ஆசிய, ஆப்பிரிக்க அமெரிக்க முகங்களை 10 முதல் 100 மடங்குவரை அதிகமாகத் தவறாகப் பொருத்தின.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் முழு எடையோடு வைத்துப் பார்ப்பதே முறை. கடைத்திருட்டு என்றால் யாரோ ஒருவர் பசிக்காக ரொட்டியை எடுப்பது என்று மட்டும் நினைப்பவர்கள், கல்லாவில் நிற்பவரைக் கேட்க வேண்டும். பிரிட்டனின் சில்லறை வணிகக் கூட்டமைப்பு 2023-24க்கு வெளியிட்ட கணக்கின்படி, கடைப் பணியாளர்கள் மீதான வன்முறையும் வசைமொழியும் நாளுக்கு 2,000 நிகழ்வுகளைத் தாண்டின. ஓராண்டில் திருட்டுகள் இரண்டு கோடிக்கும் மேல். தடுத்துக் கேட்டால் கத்தியைக் காட்டுபவர்களும் உண்டு. குறைந்த சம்பளத்துக்கு நாள் முழுக்கக் கால்கடுக்க நிற்கும் அந்தப் பணியாளருக்கு, நேற்றுத் தன்னை அடித்தவர் இன்று மீண்டும் வாசலில் நுழைகிறார் என்று முன்கூட்டியே தெரிவது பெரிய பாதுகாப்பு. அதைக் கிடைக்காமல் செய்வதும் அறமாகாது.

மனிதக் கண் மட்டும் நடுநிலையானதா என்ற கேள்வியும் நியாயமே. உடுப்பையும் நிறத்தையும் வைத்து ஆளை எடைபோட்டுப் பின்தொடரும் காவலாளியை எல்லா ஊர்க்காரர்களும் பார்த்திருக்கிறார்கள். இயந்திரத்தின் சாய்வையாவது அளந்து திருத்தலாம். காவலாளியின் மனத்தை யார் அளப்பது? இந்த வாதத்துக்குப் பதில் ஒன்றுதான். காவலாளியின் தவறு அவர் நிற்கும் வாசலோடு முடிகிறது. பட்டியலின் தவறு ஒரே நேரத்தில் நூறு வாசல்களில் நிற்கிறது. காவலாளியிடம் அவமானப்பட்டவர் அவர் முகத்தைப் பார்த்து நியாயம் கேட்கலாம். மென்பொருள் சுட்டியவருக்கு எதை மறுப்பது என்பதே தெரியாது.

நியூசிலாந்தில் நடந்த சோதனை, நடுவழி ஒன்று உண்டா என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்நாட்டின் வடக்குத் தீவில் ஃபுட்ஸ்டஃப்ஸ் நிறுவனத்தின் 25 பேரங்காடிகளில் 2024இல் முக அடையாள முறை சோதிக்கப்பட்டது. பட்டியலில் ஏற்றத் திருட்டுச் சந்தேகம் மட்டும் போதவில்லை. கடுமையான நடத்தை வேண்டும். சிறார்களைச் சேர்க்கக் கூடாது. ஒரு கடையின் பட்டியல் இன்னொரு கடைக்குப் போகக் கூடாது. எச்சரிக்கை வந்தால் பயிற்சி பெற்ற இரண்டு பணியாளர்கள் பார்த்து உறுதி செய்ய வேண்டும். மொத்தம் 22.5 கோடி முறைக்கு மேல் முகங்கள் அலசப்பட்டன. பொருந்தாதவை ஏறக்குறைய எல்லாமே ஒரு நிமிடத்துக்குள் அழிக்கப்பட்டன. கடுமையான தீங்கு நிகழ்வுகள் 16 சதவீதம் குறைந்ததாக மதிப்பீடு சொன்னது. இந்தக் காப்புகளோடு நடந்ததால் இது சட்டத்துக்கு உட்பட்டதே என்று அந்நாட்டின் அந்தரங்க உரிமை ஆணையர் 2025இல் அறிவித்தார்.

ஆனால் அந்தச் சோதனையின்போதே ரொட்டோருவா ஊரில் ஒரு மாவோரிப் பெண் திருடியாகத் தவறாகச் சுட்டப்பட்டார். அடையாள அட்டையை எடுத்துக் காட்டியும் அவரை நம்பவில்லை. இவ்வளவு கவனமாக நடத்தப்பட்ட திட்டத்தில், மனிதர் சரிபார்த்த பிறகும் இது நடந்தது. இயந்திரம் முதலில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால், சரிபார்க்கும் மனிதருக்கு அதைத் தாண்டிப் பார்ப்பது கடினமாகிவிடுகிறது. எதிரே நிற்பவரின் சொல்லைவிடத் திரை சொல்வது எடைமிக்கதாகப் படுகிறது. அடித்தளத்தில் இருக்கும் தீங்கு இதுதான். தீர விசாரிப்பது என்ற பண்பு, விசாரித்தாகிவிட்டது என்ற நம்பிக்கைக்கு இடம் கொடுத்துவிடுகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பார்ப்பது உதவும். செயலைக் கவனிப்பது வேறு, ஆளைக் கவனிப்பது வேறு. வால்மார்ட் தன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளில் கொண்டுவந்த முறை, பார்கோடு படாமல் பைக்குள் போகும் பொருளைக் கல்லாவிலேயே கண்டுபிடிப்பது. அது தவறினால், பணியாளர் வந்து பொருளை மறுபடி ஸ்கேன் செய்வார். விஷயம் அங்கேயே முடிந்துவிடும். பாரிஸில் தொடங்கிய வீசியோன் போன்றவை கையசைவை அலசி, ஐயம் வந்தால் சிறு வீடியோத் துண்டைப் பணியாளருக்கு அனுப்புகின்றன. தன் தண்ணீர் பாட்டிலைத் தன் பைக்குள் வைத்தவரும் அதில் மாட்டலாம் என்பதால் அதற்கும் கட்டுப்பாடு வேண்டும். ஆனாலும் பார்த்துத் தெளிவுபடுத்தக்கூடிய ஒரு செயல் அங்கே இருக்கிறது. முகப் பட்டியலில் அப்படி எதுவும் இல்லை. அதில் இருப்பவர் அன்று எதுவும் செய்யவில்லை; உள்ளே வந்தார், அவ்வளவுதான். நீதிமன்றம் தரும் தண்டனைக்குக்கூட விசாரணை உண்டு, மேல்முறையீடு உண்டு, முடியும் நாள் உண்டு. கடைப் பட்டியலுக்கு இவற்றில் எது உண்டு?

பிழை கடையோடு நின்றுவிடுவதும் இல்லை. 2018இல் டெட்ராய்ட் நகரக் கடை ஒன்றில் கைக்கடிகாரங்கள் திருடுபோயின. கடைக் கேமராவின் மங்கலான படத்தை மென்பொருளில் போட்டுப் பார்த்த போலீஸ், 2020 ஜனவரியில் ஒரு கறுப்பினத்தவரை அவர் வீட்டு வாசலில், மனைவியும் இரண்டு மகள்களும் பார்க்கக் கைதுசெய்தது. ஏறத்தாழ 30 மணி நேரம் அவர் காவலில் இருந்தார். திருடியவர் அவரல்லர். 2024இல் ஏற்பட்ட உடன்பாட்டில், முக அடையாளத்தை மட்டும் வைத்து யாரையும் கைதுசெய்வதில்லை என்று டெட்ராய்ட் போலீஸ் ஒப்புக்கொண்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். கேமரா பொருத்தியவர், மென்பொருள் விற்றவர், படத்தை அனுப்பியவர், கைவிலங்கு மாட்டியவர் என்று பொறுப்பு கைமாறிக்கொண்டே போய், கடைசியில் யாருடையதும் இல்லாமல் போகிறது. ரைட் எய்டுக்கு மென்பொருள் கொடுத்த ஒரு நிறுவனமும், அதன் துல்லியத்துக்குத் தான் உத்தரவாதம் இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருந்தது.

ஆகவே எடையை இப்படித்தான் வைக்க வேண்டும். ஆதாயம் யாருக்கோ, பிழையின் சுமையும் அவருக்கே. சந்தேகப்படுவது கடைக்காரர் என்றால், அதை மெய்ப்பிக்கும் கடமையும் அவருடையது. தன்னை நிரபராதி என்று நிரூபிக்கும் வேலை காய்கறி வாங்க வந்தவருடையதாக இருக்கக் கூடாது. இதிலிருந்து நடைமுறைக்குச் சில விதிகள் கிடைக்கின்றன. முகம் அலசப்படுகிறது என்று வாசலிலேயே, படிக்கத் தெரிந்த எவருக்கும் புரியும்படி எழுதிவைக்க வேண்டும். பட்டியலில் ஏற்றப்பட்டவருக்கு, எதற்காக என்றும் எத்தனை நாளுக்கு என்றும் கேட்கும் வழி வேண்டும். வன்முறையாளரையும், வறுமையில் பால்பவுடர் டப்பாவை எடுத்தவரையும் ஒரே பட்டியலில் வைக்கக் கூடாது. மென்பொருள் எந்த நிறத்தவரிடம் எவ்வளவு தவறுகிறது என்பதை நிறுவனம் முன்பே சோதித்து வெளியிட வேண்டும். தவறு நடந்தால் எல்லோர் முன்னும் அவமானப்படுத்தியவர், எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேட்டு ஈடும் தர வேண்டும். இவற்றை ஏற்க முடியாத கடைக்கு அந்தக் கேமராவைப் பயன்படுத்தும் தகுதி இல்லை; திருட்டு குறைந்தது என்ற புள்ளிவிவரம் அந்தத் தகுதியைத் தராது.

இந்தியாவுக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. நம் கடைகளின் சுவரில் ‘நீங்கள் கண்காணிப்பு கேமராவின் பார்வையில் இருக்கிறீர்கள்’ என்ற அறிவிப்பு பழகிப்போன ஒன்று. கேமரா வெறுமனே பார்க்கிறதா, முகத்தை எதனோடாவது ஒப்பிடுகிறதா என்பதை அது சொல்வதில்லை. ஒப்பிடும் வசதி விலை குறைந்து எல்லாக் கடைக்கும் வருவதற்கு முன்பே இந்த வேறுபாட்டை விதியாக எழுதிவிடுவது நல்லது. வந்து பழகிய பிறகு எழுதுவது கடினம்.

திருட்டைத் தடுப்பது நல்ல நோக்கமே. ஆனால் நேர்மையாக வாழும் ஒருவர், எந்த விளக்கமும் சொல்லத் தேவையின்றி ஒரு கடைக்குள் போய்ப் பொருள் வாங்கி வர முடிவதும் சமூகம் காக்க வேண்டிய சொத்து. கடைக்காரரின் சரக்கைக் காப்பதற்காக அந்தச் சொத்தை நேர்மையானவரிடமிருந்து எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. ஒருவரைச் சந்தேகிக்கத் துணிபவர், அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லவும் துணிய வேண்டும். அந்தத் துணிவு இல்லாத இடத்தில், எவ்வளவு கூர்மையான கேமராவானாலும் அது செய்வது அநீதியே.